வாலில் கட்டிய சிவப்பு ரிப்பன்

டெல்லி

அன்புள்ள ஹேமாவதிக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

நேற்று முதலாளி, அவர் மனைவி, மகள் மூவரும் குதிரையேற்றப் போட்டியில் ஒரே அணியாக இறங்கினார்கள். மகளின் குதிரையை நான்தான் அலங்கரித்தேன். கிளம்பிய அன்று நம் தேஜு, "எட்துகினு போ நைனா" என்று என் சட்டைப்பையில் திணித்தாளே, அந்தப் பள்ளிக்கூட ரிப்பனை அதன் வாலில் கட்டினேன். வாலில் சிவப்பு இருந்தால் உதைக்கிற குதிரை என்று இங்கே அர்த்தமாம். அது பரம சாது. ஆனாலும் கிட்டே ஒருவரும் வரவில்லை. மைதானத்து ஓரத்தில் நானும் அதுவும்தான் நின்றோம்.

முதலாளியம்மா பார்த்துவிட்டு ரிப்பனைக் கத்தரித்து எறிந்தார். திட்டவில்லை. போட்டி முடிந்து அவர்கள் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும்போது, நான் குப்பையில் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

இங்கே குளிர் அதிகம். என் பழைய போர்வையும் மலைக்கோயில் விபூதியும் அனுப்பு. தேஜுவின் ரிப்பன் ஒன்றும் வை. புதிதாக வாங்காதே, அவள் தலையில் கட்டியதே போதும்.

குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், எழுந்திருக்கிறேன். ரிப்பனைத் துவைத்துவிடாதே.

சூர்யபிரகாஷ்