பன்னிரண்டு கோட்டும் ஒரே ஒரு இடமும்

ஜூன் 10, செவ்வாய்

வணிகவியல் வகுப்புக்குப் போக ஆரம்பித்து ஆறு நாள். கொட்டாவி விட்டே தாடை வலிக்கிறது. இன்று அறிவிப்புப் பலகையில் – பள்ளியில் எனக்கு உயிராக இருந்த வேதியியலில், முதலாமாண்டில் ஒரே ஒரு இடம் காலி! மாற விரும்புபவர்கள் திங்கட்கிழமை துறைத் தலைவியைப் பார்க்கலாம். படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஓடினேன். எங்கே ஓடினேன்? தெரியாது.

அப்பா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே, "நம்ம சலவைக் கடைக்குக் கணக்குப் பாக்கத்தானே உன்னை அதுல சேத்தேன்?" என்றார். கெஞ்சினேன். "சரி, கேட்டுப் பாரு. எப்படியும் கிடைக்கப் போறதில்ல." முழு நம்பிக்கையோடு அனுமதி கொடுத்துவிட்டார், கிடைக்காது என்ற நம்பிக்கையோடு!

ஜூன் 13, வெள்ளி

கெட்டது குடி.

வேதியியல் துறையிலிருந்து பன்னிரண்டு ஆய்வகக் கோட்டுகள் எங்கள் கடைக்கு வந்தன. எல்லாவற்றிலும் பெர்மாங்கனேட் சிந்திய பழுப்புக் கறை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்பா இல்லாத நேரத்தில் பிளீச்சிங் பவுடர் கலந்து மொத்தத்தையும் முக்கிவிட்டேன். கறை அப்படியே இருக்கிறது. காலரில் பேனாவால் எழுதியிருந்த பெயர்கள் – ஐயோ – ஒன்றுகூட இல்லை. போக வேண்டியது இருக்கிறது, இருக்க வேண்டியது போய்விட்டது. அதுவும் திங்கட்கிழமை நான் போய் நிற்க வேண்டிய துறையின் கோட்டுகள்!

ஜூன் 14, சனி

அப்பா திட்டி ஓய்ந்தார். "எலுமிச்சை உப்பு போட்டுக் கறையையாவது எடுத்துத் தொலை."

"வேணாம்ப்பா. இப்ப அந்தக் கறைதான் அவங்க பேரு."

சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. பன்னிரண்டையும் கொடியில் தொங்கவிட்டு, எதில் எங்கே கறை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிட மறந்துபோனேன்.

ஜூன் 16, திங்கள்

 

மூட்டையோடு ஆய்வகத்துக்குள் போனேன். துறைத் தலைவி, கோட்டுக்குச் சொந்தக்காரர்களான இரண்டாமாண்டு மாணவர்கள், எல்லோரும் இருந்தார்கள். "பேரையெல்லாம் அழிச்சது நான்தான் மேடம்" என்றேன். பிறகு வாய் தானாக ஓட ஆரம்பித்தது.

"இது இடது கையால ஊத்துறவங்களோடது. வலது மணிக்கட்டுலதான் கறை." ஒரு பெண் வெட்கத்தோடு வாங்கிக்கொண்டாள். "இவரு பிப்பெட் குழாயைக் கழுவாமப் பையில சொருகுறவரு." ஒரே சிரிப்பு. "இவரு பியூரெட் குழாயைத் தலைக்கு மேல வச்சே நிரப்புறவரு, தோள்ல சொட்டியிருக்கு." எல்லோரும் ஒரு குட்டையான பையனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பது சரி, மூன்று தப்பு.

துறைத் தலைவி மட்டும் சிரிக்கவில்லை. "பியூரெட்டை எப்படி நிரப்பணும்?"

"கீழ இறக்கி வச்சு, புனல் கண்ணுக்குக் கீழ வர்ற மாதிரி."

"பிளீச்சிங்ல கறை ஏன் போகல?"

"அது ஆக்சிஜனேற்றம்தான் பண்ணும் மேடம். இந்தக் கறைக்கு அதுக்கு நேரெதிர் வேணும், ஒடுக்கணும். முக்குறதுக்கு முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

"ஆமா, யோசிச்சிருக்கணும்."

அவ்வளவுதான். விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு முன்னால் ஏழு பேர் கொடுத்திருக்கிறார்கள். கிடைக்காதோ? ஆனாலும் வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். பைத்தியமா எனக்கு?

ஜூன் 19, வியாழன்

இடம் யாருக்கு என்ற அறிவிப்பு இன்னும் ஒட்டவில்லை. இன்றைக்கே மூன்று முறை போய்ப் பார்த்தேன். "நாற்காலி போடட்டுமாம்மா?" என்கிறார் காவலாளி.

ஜூலை 8, செவ்வாய்

இன்று ஒரு கண்ணாடிக் குடுவையை உடைத்தேன். ஆய்வக உதவியாளர் உடைசல் பதிவேட்டை என் முன்னால் தள்ளினார். பெயரை எழுதினேன். வகுப்பு, முதலாமாண்டு. அடுத்த கட்டத்தில் துறை. அதில் மட்டும் அவசரமே இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக, அழகாக எழுதினேன்: வேதியியல்.

"பொருளை உடைச்சிட்டு இவ்வளவு சந்தோஷமா எழுதுற ஆளை நான் பாத்ததே இல்லம்மா" என்றார் அவர்.