எழுவாய் இல்லாத கடிதம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாயாடித் தம்பி எழுதுவது. நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தான் மாரடைப்பில் போய் ஐந்து மாதம் ஆகிறது. போனில் அவர் நம்பரை அழிக்க இன்னும் மனம் வரவில்லை. உன்னோடு போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் உளறுகிறேன். அதனால்தான் கடிதம்.

ஒரு உதவி வேண்டும். எங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்கள் படிக்கவேண்டிய புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் போடும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். என் படிப்பின் லட்சணம் உனக்குத் தெரியும். எட்டாவதோடு நின்ற நீ பாடப் புத்தகத்தைப் படித்துப் படித்துச் சொல்லித்தானே நான் இன்சூரன்ஸ் பரீட்சையில் தேறினேன். மூன்று புத்தகம் சொல்லேன்.

அத்தானின் பாலிசி விஷயம் மேலிடத்தில் இருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

உன் தம்பி

மார்ச் 11

வாயாடித் தம்பிக்கு,

சாமி புண்ணியத்தில் மூச்சு விடுகிறோம். வீட்டுச் சொந்தக்காரர் படியில் பார்த்தால் வணக்கம் சொல்வதில்லை, வாடகைத் தேதி சொல்கிறார். பாப்பா காலேஜுக்கு நடந்து போகிறாள். நீ வந்து எட்டு வாரம் ஆயிற்று. இதையும் குறித்துத்தான் வைத்திருக்கிறேன்.

நீ கேட்ட புத்தகங்கள். முதலாவது, ஏதாவது ஒரு வீட்டு வைத்தியப் புத்தகம். மார்வலியும் வாயுவும் ஒரே இடத்தில் பிடிக்கும் என்பதாவது தெரியட்டும். அடுத்தது, பத்தாம் வகுப்பு இலக்கணம். உங்கள் வாக்கியங்களில் எழுவாயே கிடையாது. 'நிராகரிக்கப்படுகிறது' என்கிறீர்கள். யார் நிராகரித்தது?

மூன்றாவது, திங்கட்கிழமை எனக்கு வந்த கடிதம். 'முன்பே இருந்த மார்வலியைத் தெரிவிக்காத சொல்லாக்குறை காரணமாகத் தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.' சொல்லாக்குறை எந்த அகராதியிலும் இல்லை, தம்பி. உண்மையைச் சொல்லாமல் விடுவதற்குப் பாடப் புத்தகத்தில் இருந்த நீளமான பெயர் உன் வாயில் நுழையவில்லை என்று நான் செய்துகொடுத்த வார்த்தை அது. கையெழுத்து மேனேஜருடையது. எழுதியது நீதானே?

உங்கள் ஆபீஸிலிருந்து விசாரிக்க வந்தவரிடம் நான் மறைக்கவில்லை. பாலிசிக்கு முந்தின வருஷம் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் பத்து நிமிஷம் உட்கார்ந்ததைச் சொன்னேன். கேட்காவிட்டாலும் சொல்லவேண்டும் என்று உன் புத்தகத்தில்தான் படித்தேன். சாமிக்கும் அதுதான் பிடிக்கும் என்று நினைத்தேன்.

அக்கா

மார்ச் 17

அக்கா,

நான்தான் எழுதினேன். இரண்டு வருஷமாக எல்லா மறுப்புக் கடிதத்திலும் அந்த வார்த்தைதான் போகிறது. சுருக்கமாக இருக்கிறதென்று மேனேஜருக்குப் பிடித்துவிட்டது. அத்தான் கோப்பு என் மேஜைக்கே வந்தது. என்னால் முடியாது என்றால் ஏன் என்பார்கள். அதை நோண்டினால் பாலிசிப் படிவத்தை யார் நிரப்பியது என்பதில் வந்து நிற்கும்.

உன் சமையலறையில் வைத்து நான்தான் நிரப்பினேன். "அத்தான், உடம்புக்கு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கே, உங்கக்கா," என்றார். நீ கரண்டியை ஓங்கினாய். சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று எழுதிவிட்டேன். திரும்பக் கேட்கவில்லை. இதை நீ வெளியே சொன்னால், தப்பு ஆபீஸ் ஆளுடையது என்று உனக்குப் பணம் வரலாம். என் வேலை போய்விடும். எனக்கு இரண்டு பிள்ளைகள்.

வேறு வழி இருக்கிறது. முறையீட்டுக்கு 31 வரை நாள் உண்டு. 'அது வெறும் வாயுப்பிடிப்பு, துக்கத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இலக்கணப் புத்தகத்தைப் பட்டியலில் சேர்த்தேன். மேனேஜர் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்.

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

நாள் முடிந்துவிட்டது. நான் ஒன்றும் அனுப்பவில்லை.

சும்மா இருந்துவிடவில்லை. ஒரு தாளில் வாயு என்று எழுதினேன். அன்றைக்குப் படியில் அவர் வேர்வையைத் துடைத்ததும் இதே கைதான். கிழித்தேன். இன்னொரு தாளில், 'படிவத்தை நிரப்பியவர் என் உடன்பிறந்தவர்' என்று தொடங்கினேன். தப்பில்லாத வாக்கியம். உன் சின்னவன் முகம் வந்து நின்றது. அதையும் கிழித்தேன். சாமியிடம் கேட்டேன். அவர் இருவர் பக்கமும் பேசவில்லை.

பாப்பா காலேஜை விட்டுவிட்டாள். துணிக்கடையில் பில் போடுகிறாள். "நாள் பூரா நிக்கணும்மா. பரவால்ல, கிளாஸ்லயும் கடைசி பெஞ்சுல தூங்கத்தானே செஞ்சேன்," என்றாள். அவள் முதல் பெஞ்சுக்காரி. நான் சிரித்துவைத்தேன்.

பதினைந்தாம் தேதி வீட்டைக் காலி செய்கிறோம். போகிற இடம் ஒற்றை அறை. விலாசத்தை மறந்துபோய் எழுதாமல் விடவில்லை.

உன்னை மன்னிக்கச் சொல்லித் தினமும் வேண்டிக்கொள்கிறேன். சாமி மன்னித்துவிடுவார், அவருக்கு அது பழக்கம். எனக்கு வரவில்லை. தேடிக்கொண்டு வராதே. நீ வாசலில் நின்றால் "சாப்பிட்டியா"ன்னு என் வாய் தானாகக் கேட்டுவிடும். கேட்கக் கூடாது என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா