பொன்னையனைக் கொன்ற வெள்ளம்

பாறசாலை,
சனிக்கிழமை

அன்புள்ள மகள் ரெஷ்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், இந்த வயதில் அதைச் சுகம் என்றே கணக்கு வைத்துக்கொள். அப்பாவின் இருமல் நின்றது, என் முட்டுநோவு நிற்கவில்லை. மும்பையில் மழை அதிகம் என்று செய்தியில் பார்த்தேன், நீ நனையாமல் வேளைக்குச் சாப்பிட்டு ஆண்டவரின் காவலில் இருப்பாய் என்று நம்புகிறேன்.

இன்று காலை பதினொன்றே காலுக்குப் பதிப்பகத்தின் ஆசிரியர் லிஷா போனில் என்னிடம் சொன்னது இது. ‘மருதமூடு’ நாவலின் புதிய பதிப்பு வருகிற வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. அட்டையில் உங்கள் கம்பெனி அந்த நாவலை எடுத்த தொடரின் படம், பின்னட்டையில் ‘பெருவெள்ளம் விழுங்கிய ஒரு கிராமத்தின் கதை’ என்ற வாசகம், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில் ‘வெள்ளம்: மழைப்பெருக்கு’ என்று ஒரு குறிப்பு. ஏன் இதை உனக்கு எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். போனில் சொல்ல வந்த இரண்டு தடவையும் நீ மீட்டிங்கில் இருந்தாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், அப்பா படமெடுத்து உனக்கு அனுப்புவார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை நம் நூலக வாசகர் கூட்டத்தில் ‘மருதமூடு’தான் எடுத்தோம். குளத்தூர் குட்டப்பன் சார் எழுதி ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் ஊரில் பாதிப்பேர் வாசிக்காத நாவல், தொடர் வந்த பிறகு நூலகத்தில் இருந்த மூன்று பிரதிக்கும் வரிசை நிற்கிறது. பதினாறு பேர் வந்திருந்தார்கள். விஜயம்மா டீச்சர் தொடரின் கட்சி. “புஸ்தகத்துல அவ முப்பது பக்கமா நெல்லு அவிச்சுகிட்டே இருக்கா, சீரியல்ல ஒரு பாட்டு முடியுததுக்குள்ள சோறு வெந்தாச்சு, எனக்கு அதாக்கும் சுகம்” என்றார். ஆட்டோ ஓட்டும் சிஜு விடவில்லை. “அப்போ டீச்சர் பைபிளும் பாட்டு வச்சாத்தான் வாசிப்பியளோ” என்று கேட்டு அறை முழுக்கச் சிரிப்பு. இரண்டாம் பகுதியின் முடிவில் ‘கதைச்சுருக்கம்: ரெஷ்மா ஜெயதாஸ்’ என்று ஓடியதை யாரோ சொல்லப்போய் எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். நானும் தலையசைத்தேன், அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது, தொடரில் அந்த இரண்டாம் பகுதியை நான் அதுவரை பார்த்திருக்கவில்லை.

கைதட்டாமல் இருந்தது ஞானபாய் அக்கா மட்டும். அவரை உனக்குத் தெரியும், சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளராக இருந்தவர், எழுபத்து நான்கு வயது. உனக்குத் தெரியாதது, நாவலில் வரும் பொன்னையன் அவருடைய அப்பா. அவர் செத்தபோது அக்காவுக்கு நான்கு வயது. ஊர்க் கிணறு வற்றிய மீன மாதத்தில் மேல்சாதிக்காரரான மேலவீட்டாரின் கிணற்றில் பொன்னையன் தொட்டு இறைத்தார் என்று அடித்துப் போட்டார்கள், மூன்றாம் நாள் செத்துப்போனார். வழக்கு இல்லை. மேலவீட்டார் பக்கத்திலேயே இருந்ததால் குட்டப்பன் சார் அதை விவரித்து எழுதத் துணியவில்லை. ‘பொன்னையனை வெள்ளம் கொன்றது’ என்று ஒரே வரி, அடுத்த பக்கத்தில் மேலவீட்டு முற்றத்தில் உடைந்த குடம் ஒன்று கிடந்ததாக இன்னொரு வரி. இந்த ஊர்க்காரர்களுக்கு அது போதும். குடிக்கிற நீரைத்தானே நாம் வெள்ளம் என்கிறோம். உங்கள் தொடரில் குடத்தை விட்டுவிட்டார்கள், ஆறு கரையுடைத்து எட்டு நிமிடம் ஓடுகிறது, பொன்னையன் அடித்துச் செல்லப்படுகிறான், மேலவீட்டார் வள்ளத்தில் வந்து அவன் மனைவியையும் பிள்ளையையும் கரையேற்றுகிறார்கள்.

அக்கா எழுந்து நின்று பேசவில்லை, உட்கார்ந்தபடியே சொன்னார். “மக்களே, எங்கப்பன் நீச்சல் தெரியாம செத்தவரில்ல. வெள்ளம் கோரப் போயி செத்தவராக்கும். இப்போ என்னாச்சுன்னா, அடிச்சவிய வள்ளம் கொண்டுவந்து எங்கம்மைய காப்பாத்தியாச்சு. கொள்ளாம், ரொம்ப நல்லா இருக்கு.” பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் போட்டு மூடினார். சிஜுதான் அவரை ஆட்டோவில் கொண்டு விட்டான்.

நான் வீட்டுக்கு வந்து தொடரைப் பார்த்தேன், நாவலையும் எடுத்து வைத்து ஒப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை உன்னிடம் கேட்டபோது நீ மறைக்கவில்லை, அதற்கு உன்னைப் பாராட்டத்தான் வேண்டும். நாவலின் சுருக்கத்தை அத்தியாயம் அத்தியாயமாக இரண்டு வாரத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், அந்த இடத்தில் ‘வெள்ளப்பெருக்கில் இறக்கிறான்’ என்று நீ எழுதினாய், இயக்குநருக்கு அது பிடித்துப்போனது. இங்கே பிறந்து வளர்ந்த உனக்கு எப்படித் தவறியது என்று நான் கேட்டதற்கு, “அம்மா, வெள்ளம்னா பெருக்கு, நாம பேசுறது தப்புத் தமிழ்னு நீங்கதானே சொல்லித்தந்தீங்க” என்றாய். அதன் பிறகு நான் போனை வைத்துவிட்டேன். உன்மேல் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. திருநெல்வேலிப் பத்திரிகை அலுவலகத்தில், நிருபராக நான் அனுப்பிய செய்திகளை ‘மலையாளத் தமிழ்’ என்று சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்பிய காலம் அது. நீ ‘அம்மா, வெள்ளம்’ என்று கேட்டால், ‘தண்ணீர்’ என்று சொல்கிறவரை செம்பை நான் கையிலேயே வைத்திருப்பேன். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த நீ அழுதுவிட்டுத்தான் ‘தண்ணீர்’ என்று சொன்னாய். எத்தனை நாள் அப்படிச் செய்தேன் என்று இப்போது சரியாக எழுத முடியவில்லை, ஒன்றுக்கு மேல் என்பது நிச்சயம்.

முந்தாநாள் வியாழக்கிழமை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் நேசம் சித்திக்குக் கண்ணில் தையல் பிரித்தார்கள், இப்போது நன்றாகத் தெரிகிறதாம், உன் கல்யாணப் படத்தை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தாள். திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்தில் ஞானபாய் அக்கா நின்றிருந்தார். “செல்லபாய், உன் மோளு இங்க உள்ளவதானே, அவளுக்கு வெள்ளம்னா தெரியாதோ?” என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முப்பத்தொரு வருடம் ஊராரிடம் கேள்வி கேட்டுப் பிழைத்தவள் நான், பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஏறிவிட்டேன். அது என் பஸ் இல்லை, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

லிஷா கெட்ட பெண் இல்லை. ஊர்க்காரர் பத்துப்பேர் கையெழுத்துப் போட்டாலும் பின்னட்டையை மாற்ற மேலே ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அது தொடரின் சுருக்கத்திலிருந்து எடுத்த வாசகம், அதை எழுதியவரே தவறு என்று இரண்டு வரி அனுப்பினால் அதையும் அடிக்குறிப்பையும் நிறுத்திவிடுகிறேன் என்றாள். தொடரைத் திருத்துவது பற்றி உன் கம்பெனிக்கு நூலகத்திலிருந்து அனுப்பிய கடிதத்துக்குப் பதில் இல்லை, வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. புத்தகம் அப்படியில்லை மகளே, இன்னும் ஐம்பது வருடம் அலமாரியில் நிற்கும். அந்த அடிக்குறிப்போடு நின்றால் அந்த ஒரு வரியும் போய்விடும், அக்காவின் அப்பாவுக்கு வேறு சாட்சி கிடையாது. அந்த இரண்டு வரியை எழுதினால் உன் வேலைக்கு என்ன ஆகும் என்று யோசிப்பாய். ஒன்றும் ஆகாது என்று எழுத எனக்கு ஆதாரமில்லை, அதனால் எழுதவில்லை.

நாளை ஆராதனை முடிந்து ஞானபாய் அக்கா வீட்டுக்குப் போகிறேன். செம்பைப் பிடித்து வைத்திருந்ததை முதலில் சொல்வேன், அவர் பேசினால் பேசட்டும், பேசாவிட்டாலும் உட்கார்ந்திருப்பேன். உன் பங்கை உன்னைக் கேட்காமல் சொல்லமாட்டேன்.

மழையில் போய்வந்தால் தலையைத் துவட்டு, பல்வலியைத் தள்ளிப்போடாதே. போக்கிலும் வரத்திலும் கர்த்தர் உன் கையைப் பிடித்திருக்கட்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். லிஷாவின் முகவரியைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அவள் காத்திருப்பது புதன்கிழமை மாலை ஐந்து மணி வரை. இதை எழுதி முடிக்கும்வரை உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை.

உன் அம்மா,
செல்லபாய்