தட்டைத் தள்ளியவருக்கு

அத்தான்,

பதினைந்து மணி நேரமாக நானும் மகள் நந்தனாவும் உங்களோடு பேசவில்லை. கோபம் இல்லை. பிள்ளை வளர்ப்புப் பயிற்சியில் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள்: அடம்பிடித்தால் கண்டுகொள்ளக் கூடாது, அடங்கியதும் பாராட்ட வேண்டும்.

நேற்று ராத்திரி, "ஏட்டி, இதுல உப்பு போட்டியா?" என்று நீங்கள் தட்டைத் தள்ளியதும் என் கையைப் பிடித்தவள் அவள்தான். "அம்மா, அப்பாவப் பாக்காத. பாத்தா இன்னும் கூடும்." இரண்டு மாதத்துக்கு முன்பு தட்டை எறிந்துகொண்டிருந்த பிள்ளை! ஒரு பிள்ளையை வைத்து முடிவு சொல்லக் கூடாதுதான். ஆனாலும் பலன் தெரிகிறது.

காலையில் கடைக்குப் போகும் முன் ஈரத்துண்டை நீங்களே கொடியில் போட்டீர்கள். மிக நன்று.

மரச்சீனிக் கிழங்கு அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாளை மீன் கறிக்கு உப்புப் போட்டாயிற்று. சாப்பிட்டுவிட்டு, சாவியைப் பக்கத்து வீட்டு ஜஸீனா அக்காவிடம் கொடுத்துவிட்டு, மூன்று மணிக்குப் பயிற்சிக்கு வாருங்கள். வேட்டி வேண்டாம், பேன்ட் போடுங்கள்.

ஆதிரா

பேன்ட் எதற்கு என்றால்: இன்று ஒருவர் அடம்பிடிக்கும் பிள்ளையாக நடித்துத் தரையில் உருண்டு அழ வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் என் பெயர்தான் விழுந்தது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சே வராது என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன்.