காதில் அழுக்கு இல்லையாம்

என்னங்க, எனக்குக் காலை ஷிப்ட். சாப்பாடு அடுப்புமேல மூடி வெச்சிருக்கேன். வெளியே போனா சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துடுங்க.

நேத்து நீங்க வெளியே செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தப்ப காது டாக்டர் என்கிட்ட சொன்னார்: "அழுக்கே இல்லம்மா. நல்லாக் கேக்குது அவருக்கு."

தினமும் எண்ணெயை வெதுவெதுன்னு காய்ச்சி, என் கையில ஒரு சொட்டு விட்டுப் பார்த்துட்டுத்தானே ஊத்தினேன்! அடைப்பு விட்டா பதில் சொல்லுவீங்கன்னு நம்பினேன். நான் கத்தினது, கெஞ்சினது எல்லாம் காதுல விழுந்துக்கிட்டேதான் இருந்திருக்கு.

இனிமே கத்த மாட்டேன்.

எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவி எடுத்து வெச்சிடாதீங்க. ராத்திரி எப்பவும்போல மடியில தலை வெச்சுப் படுங்க, ஊத்தறேன். நீங்களா என் பக்கத்துல வர்றது அதுக்கு மட்டும்தான்.