கனடாப் பெட்டியும் என் தகரப் பெட்டியும்

மச்சான்,

இன்று காலை மகளின் போன் சார்ஜர் வெடித்தது. கரண்ட் கூடி வந்ததாம். மாதகல் கடற்கரை வரை கேட்ட சத்தம் என்று நான் சொல்வேன். சட்டி மூடி விழுந்த சத்தம் என்று மனைவி சொல்கிறாள். சத்தத்தை விடு. அந்த மணம் இருக்கிறதே, எரிந்த பிளாஸ்டிக்கும் சுட்ட மீன்தோலும் கலந்த மணம், அது என்னைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போய் உன் வீட்டு முன்னறையில் போட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. நீ கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்கிறாய். நான் உன் கனடாப் பெட்டிக்கு முன்னால் தனியாக இருக்கிறேன்.

நீ செத்து இரண்டு மாதமாகிறது. உனக்குச் சொல்ல வேண்டிய ஒன்றை இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். இனிச் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் துணிவு வருகிறது. என் வீரம் எப்போதுமே இந்த வகைதான்.

சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்த வருடம் அது. கொழும்பிலிருந்து வந்த ஒவ்வொரு வான் வண்டியிலும் ஒரு வெளிநாட்டுக்காரர், ஒவ்வொரு வெளிநாட்டுக்காரர் கையிலும் ஏழு பெட்டி. உன் அண்ணை வரவில்லை. கனடாவுக்குப் போய்ப் பதினேழு வருடமாகியும் அவருக்கு வதிவிடக் கடதாசி சரிவரவில்லை. அவருக்குப் பதிலாக, ஊருக்கு வந்த ஒருவர் கையில் அவர் கொடுத்துவிட்ட வெள்ளைப் பெட்டி ஒன்று வந்தது. தொலைக்காட்சியில் பூட்டி விளையாடுகிற வீடியோ கேம் பெட்டி. கூடவே கார் ஓட்டப் போட்டி விளையாட்டு ஒன்று. அதே போல ஒன்றைத் தனக்கும் வாங்கி வைத்திருந்தார். "நான் இஞ்சை ஓடுறன், நீ அங்கை ஓடு. ஞாயிற்றுக்கிழமையிலை போனிலை நேரத்தைச் சொல்லுவம், ஆர் முந்தினதெண்டு பாப்பம்" என்றாராம். நாற்பதைத் தாண்டிய மனுசனும் முப்பத்தைந்தைத் தாண்டிய தோட்டக்காரனும்!

நான் சிரித்தேன். பிறகுதான் விளங்கியது. அதுவரை சந்தியில் காசுக்குப் போன் கதைக்கிற கொமினிக்கேஷன் கடையின் கண்ணாடிக் கூண்டில் நீங்கள் இருவரும் கதைத்ததை நான் வெளியில் நின்றே ஒப்புவிப்பேன். "சுகமோ?" "ஓம், சுகம்." "மழையோ?" "ஓம், மழை." அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் வராது. போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாய். அண்ணன் தம்பிக்குக் கதைக்க ஒரு சங்கதி வேண்டும் என்றுதான் அந்த மனுசன் இதைக் கடல்தாண்டி அனுப்பினார்.

கனடாச் சாமானுக்கு நூற்றுப்பத்து வோல்ட் போதும். எங்களுடையது இருநூற்று முப்பது. இடையில் ட்ரான்ஸ்போமர் வைத்துக் குறைக்காவிட்டால் சாமான் கருகும். அண்ணை இதை மூன்று தரம் சொன்னார். நீ அந்தப் பொறுப்பை என்னிடம் தந்தாய். யாரிடம்? கீரிமலை தொடக்கம் கொழும்புத்துறை வரை எல்லா றேடியோக்களின் குடலையும் எடுத்துக் கழுவித் திரும்ப வைத்த என்னிடம். கரண்டே இல்லாத வருடங்களில் சைக்கிளை மிதித்து டைனமோவில் றேடியோவைப் பாட வைத்த என்னிடம். மின்சாரத்தைக் கண்டுபிடித்தவன் உயிரோடு இருந்திருந்தால் சந்தேகம் கேட்கப் பண்டத்தரிப்புக்கு வஸ் ஏறியிருப்பான்.

ட்ரான்ஸ்போமர் சுற்றச் செப்புக் கம்பி வேண்டும். கொழும்பிலிருந்து வர ஒரு மாதமாகும் என்றார்கள். "என்னிடம் கம்பி இல்லை" என்று உனக்குச் சொல்ல என் பெருமை விடவில்லை. அதோடு எனக்கு ஒரு யோசனையும் இருந்தது. எங்கள் கரண்ட் புறப்படும்போது இளந்தாரி. லைனின் கடைசியில் இருந்த நம் ஒழுங்கைக்கு வந்து சேரும்போது பொல்லூன்றிய கிழவன். பின்னேரங்களில் பல்ப் எரிகிறதா என்று பார்க்க நெருப்புக்குச்சி கிழிக்க வேண்டும். உன் வீட்டில் ஆறு மணிக்கு மீற்றரை வைத்துப் பார்த்தேன். நூற்றிருபதைத் தாண்ட முள்ளுக்குச் சீவன் இல்லை. கனடாவே வந்து சுவருக்குள் குந்தியிருக்கிறது, பிறகென்ன ட்ரான்ஸ்போமர் என்று நினைத்தேன்.

ஒரு பழைய தகரப் பெட்டியை எடுத்தேன். முன்பக்கம் ஒரு பச்சை விளக்குப் பூட்டினேன். உள்ளே ஒரு வயர் நேரே வந்து நேரே போனது. வேறொன்றும் இல்லை, மச்சான். தூக்கிப் பார்ப்பாயே என்ற பயத்தில் பாரத்துக்கு அரைச் செங்கல் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்தேன்.

நீ தூக்கிப் பார்த்தாய். "நல்ல பாரமடா" என்றாய்.

"செம்பெண்டா சும்மாவே?" என்றேன்.

பெட்டி ஓடியது! நிறம் மட்டும் வரவில்லை. அந்த நாட்டுப் படமுறை வேறு, உன் தொலைக்காட்சிக்கு அது பிடிபடவில்லை. எல்லாம் கறுப்பும் வெள்ளையும். "கனடாவிலை பனியெல்லோ, அதுதான் வெள்ளை" என்றேன். ஒழுங்கையே நம்பியது. ஒவ்வொரு பின்னேரமும் உன் முன்னறை நல்லூர்த் தேர் போல நிரம்பியது. வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிவிட்ட கால் சேறு காயுமுன் நீ விளையாட்டுப் பிடியை எடுத்து உட்கார்ந்துவிடுவாய். வளைவு வந்தால் காரோடு சேர்ந்து உடம்பையும் சரிப்பாய். உன் மனைவி, "விழுந்து கையை முறிச்சா ஆர் தோட்டம் கொத்துறது?" என்று குசினியிலிருந்து கத்துவாள்.

ஞாயிறுகளில் அந்தக் கண்ணாடிக் கூண்டில் நீ வேறு ஆளாக இருந்தாய்.

"அண்ணை, ஒண்டு இருபத்திரண்டு!... இல்லை, பொய்யில்லை, இவனும் பாத்தவன்... நீங்கள் அந்தப் பாலத்தடியிலை பிறேக் பிடிக்கிறியள், அதுதான் பிந்துது. பிடியாதேங்கோ... ஓமோம், அப்பாவின்ரை சைக்கிள் மாதிரித்தான்!"

பிறகு இருவரும் அப்பாவின் சைக்கிளைப் பற்றியும், அவர் மதகுக்குள் விழுந்ததைப் பற்றியும் கதைத்தீர்கள். கடைக்காரர் கண்ணாடியில் தட்டும்வரை சிரித்தாய். ஆறு ஞாயிறு அப்படிப் போனது. பதினேழு வருடம் கதைக்காததை ஆறு ஞாயிற்றில் கதைத்தீர்கள்.

ஏழாவது ஞாயிறு. நீ குளிக்கப் போனாய். உன் நேரத்தை நான் களவாக முந்திவிட்டு, அண்ணையிடம் என் பெயரையும் சொல்ல வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பகலில் அதைப் போட்டதே இல்லை. அன்று அரிசி மில் பூட்டு, மரம் அரிகிற மரக்காலையும் பூட்டு, ஊரில் ஒரு மோட்டரும் ஓடவில்லை. கிழவன் இளந்தாரியாகவே எங்கள் ஒழுங்கைக்கு வந்துவிட்டான். நான் சுவிட்சைப் போட்டேன். ஒரு 'டப்'. வெள்ளைப் பெட்டியின் பின்பக்கத்தால் புகை வந்தது. என் தகரப் பெட்டியில் பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது.

ஈரத் துவாயோடு ஓடிவந்தாய். "என்னடா மணம்?"

"மெசின் பிழை மச்சான்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் திரும்ப எடுக்க எனக்கு இருபது வருடம் இருந்தது.

பின்னேரம் ஐந்து மணிக்கு அண்ணையின் அழைப்பு வந்தது. கூண்டின் கதவு ஒழுங்காகப் பூட்டாது, உன் பக்கத்துக் கதை எனக்குக் கேட்டது. "ட்ரான்ஸ்போமரிலைதான் போட்டது அண்ணை... நான் ஏன் பொய் சொல்லப்போறன்?... பூட்டினது. நானே தூக்கிப் பாத்தனான்." சொல்லிக்கொண்டே கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தாய்.

நான் தலையாட்டினேன்.

உன்னை உன் அண்ணை பொய்யன் என்று சொல்லிவிட்டார். வெளியில் வந்து, பூட்டைத் திறக்காமலே சைக்கிளை இழுத்தாய். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் நீ எனக்கு இரண்டு அறை விட்டுவிட்டு உடனேயே உள்ளே போய்த் திரும்ப அழைத்திருப்பாய். நான் அன்று பின்னேரமே தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தக் கிழமை யாழ்ப்பாண ரவுணில் இன்ரநெற் கடை ஒன்றில் இருந்து பெட்டிக்கு மருந்து தேடினேன். மருந்து கிடைக்கவில்லை, அதைவிட நல்ல சாமான் கிடைத்தது. அந்தப் பெட்டியைச் செய்த ஜப்பான் கம்பனி அதைச் செய்வதையே நிறுத்திவிட்டதாம். வந்த புதிதில் சனம் கடை வாசலில் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறது. நாலு பேர் சேர்ந்து விளையாடலாம், ரெலிபோன் வயரைக்கூடச் செருகலாம் என்று உலகம் வாயைப் பிளந்திருக்கிறது. அப்போது இன்னொரு கம்பனிக்காரன், என்ரை பெட்டியும் வருகுது, அதிலை படமும் பாக்கலாம் என்று ஒரு வார்த்தை விட்டான். சனம் கையைக் கட்டிக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தது. இரண்டு வருடம் தாக்குப்பிடித்துவிட்டு, இனி வீட்டுப் பெட்டியே செய்யமாட்டோம் என்று இவர்கள் ஒதுங்கினார்கள். மிஞ்சியதைக் கடைகள் விலையைக் குறைத்துத் தள்ளின. அண்ணை இரண்டு வாங்கியது அப்போதுதான்.

பெட்டியில் பிழையே இல்லை, மச்சான். நல்ல சாமான், விலைப்படவில்லை, அவ்வளவுதான். இப்போது அதைத் தேடித் திரிந்து வாங்குகிறார்களாம். ஆனால் நான் உன்னிடம் அதையா சொன்னேன்? "உந்தப் பெட்டியள் எல்லாம் எரிஞ்சுதான் கம்பனியே விழுந்தது. ஜப்பான் ராசா தலையிலை கைவைச்சு அழுதவராம். கழிச்சு வித்ததைத்தான் உன்ரை கொண்ணை உனக்கு வேண்டி அனுப்பினவர்" என்றேன்.

அடுத்த ஞாயிறு கூண்டுக்குள் நீ கத்தியது சந்தி முழுவதும் கேட்டது. "நாங்கள் இஞ்சை சாவுக்குள்ளாலை வந்த ஆக்கள். எங்களுக்குக் கழிச்சுவிட்ட சாமானோ அண்ணை?" பிறகு போனை வைத்தாய். அதன்பின் அவர் எடுக்கவில்லை. நீயும் எடுக்கவில்லை.

நான் நிறுத்தியிருக்கலாம். நான் செய்தது என்ன? அந்தக் கதையைப் பெருப்பித்தேன். எந்தக் கலியாண வீட்டிலும், "மாமா, கம்பனி விழுந்த கதையைச் சொல்லுங்கோ" என்று கேட்டார்கள். ஒவ்வொரு தரமும் புகை கூடியது. முதலில் ஒரு பெட்டி எரிந்தது, பிறகு ஒரு கப்பல் எரிந்தது, கடைசியில் ஒரு துறைமுகமே எரிந்தது. நீ பக்கத்தில் இருந்து சிரிப்பாய். சிரித்து முடிந்ததும் வெற்றிலைத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாய். அதை நான் கண்டேன். கண்டும் அடுத்த வீட்டில் திரும்பச் சொன்னேன்.

உன் செத்தவீட்டுக்கு அண்ணையால் வந்துசேர முடியவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்கு வந்தார். உன் மூக்கு, உன் நடை. கிரியை முடிந்து கடற்படியில் இருந்தபோது அவரே கேட்டார்.

"தம்பி, நீர்தானே அப்ப ட்ரான்ஸ்போமர் சுத்தினது? அவன் ஏன் எனக்குப் பொய் சொன்னவன்? அது பூட்டினா எரியாது. என்ரை பெட்டி இப்பவும் ஓடுது."

"பொய் சொன்னது அவன் இல்லை அண்ணை."

சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆகச் சின்னக் கதை அது. செங்கல்லுக்கு வந்ததும் அவர் சிரித்துவிட்டார். "நீர் இன்னும் மாறேல்லை. செங்கல்லும் வைச்சனீரோ?"

"வைச்சனான் அண்ணை. இது புளுகு இல்லை."

சிரிப்பு முகத்திலிருந்து மெல்லப் போனது. "அவனுக்குச் சொன்னனீரோ?"

"இல்லை."

"அப்ப எனக்கும் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவன் பொய்யன் எண்டு கோவத்தோடை இருக்கேக்கை கொஞ்சம் லேசா இருந்தது."

அறைவார் என்று நினைத்தேன், ஏசுவார் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் நான் தயாராகத்தான் போனேன். இதற்குத் தயாராக இல்லை.

கனடா திரும்பிய பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு அழைக்கிறார். சுகம் விசாரிப்பதில்லை. "அவனைப் பற்றிச் சொல்லும். ஒண்டும் கூட்டாமல் சொல்லும்" என்கிறார். சண்டையில் விட்டுப்போன வீட்டுக்கு மீண்டு வந்து கூரையை நீ திரும்பப் போட்டதைச் சொன்னேன். உன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் நீ வேட்டி தடுக்கி விழப்பார்த்ததைச் சொன்னேன். "எந்தக் கால் தடுக்கினது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில்தான் நின்றேன், யாருக்கோ துறைமுகம் எரிந்த கதையைச் சொல்லிக்கொண்டு.

போன ஞாயிறு கேட்டார்: "அவன் என்னைப் பற்றி எப்பவாவது கதைச்சவனோ?"

போன வருடம் முதல் தரம் நெஞ்சு நொந்து நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய். நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். "டேய், அண்ணைக்கு ஒருக்கா எடுப்பமோ?" என்று கேட்டாய். நம்பர் எடுக்க எனக்குக் கால் மணித்தியாலம் போதும். ஆனால் நீங்கள் இருவரும் கதைத்தால் ஐந்து நிமிடத்தில் ட்ரான்ஸ்போமர் வரும் என்று எனக்குத் தெரியும். "விடடா. மூத்தவர், அவர் எடுக்கட்டும். நீ ஏன் இறங்கிப் போறாய்?" என்றேன். "ஓம், அதுவும் சரிதான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய்.

"ஓம் அண்ணை, கதைச்சவன்" என்றேன்.

"என்னெண்டு?"

லைன் கிளியரில்லை என்று சொல்லிவிட்டேன். லைன் கிளியராகத்தான் இருந்தது. மற்றதெல்லாம் அவரிடம் கொடுத்துவிட்டேன், மச்சான். ஆஸ்பத்திரியில் 'எடுப்பமோ' என்று நீ கேட்டதை மட்டும் இன்னும் நான்தான் வைத்திருக்கிறேன்.