பலெர்மோவில் அழிந்த தடம்

ஏப்ரல் 26, 2019, வெள்ளி

காலையிலிருந்து மழை. செம்மண் டென்னிஸ் ஆடுகளம் குழம்பிக் கிடக்கிறது, இன்றைய வகுப்புகள் எல்லாம் ரத்து. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது டெபோராவின் போன். நாற்பது வயது தாண்டியவர்களின் அணிப் போட்டியில் இப்போது அவள்தான் எனக்கு ஜோடி. மே 12, எங்கள் லூகோ கிளப்பில், பேசரோ அணியோடு ஆட்டமாம்.

"உன் பழைய ஜோடி வர்றாளாம்டி. இலேனியா."

சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்தினேன்.

"ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்தீங்கன்னா எனக்குச் சோறு எறங்காது, இப்பவே சொல்லிட்டேன்."

ஆட்டம் முடிந்ததும் வந்த அணியை உட்காரவைத்துச் சாப்பாடு போட வேண்டும், அது எல்லாக் கிளப்பிலும் உள்ள வழக்கம். அணித்தலைவி வேறு நான்தான். தப்பித்து ஓட வழியில்லை.

ஏப்ரல் 29

இன்று ஒரு மாணவியின் அம்மா, "நீங்க பாரிஸ்ல ஆடினவங்களாமே!" என்றாள். ஆமாம், ஆடினேன். ஒரு தடவை மூன்றாவது சுற்று வரை போனேன். உலகத் தரவரிசையில் அறுபத்து நாலு. ஸ்பெயினில் யாருக்கும் பெயர் தெரியாத ஊரில் ஒரு கோப்பை. தோளில் இரண்டு முறை அறுவை, முப்பத்தொன்றில் ஓய்வு. இதையெல்லாம் சொல்லச் சொல்ல அவளுக்குக் கண் விரிந்தது.

அந்த வருடங்களில் எத்தனை ஹோட்டல் அறைகளில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை. அதற்கு முன்னால், இலேனியாவோடு இருந்தபோது, புக்கரெஸ்டில் ஒரு அறையில் திருட்டுத்தனமாக அடுப்பு வைத்துப் பாஸ்தா வேகவைத்தோம். ஆவி போய்த் தீயணைப்பு மணி அலறியது. ஹோட்டல் முழுக்க இரவு உடையில் தெருவில் நிற்கிறது, இவள் மட்டும் பானையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "நல்ல பாஸ்தாடி, விட்டுட்டு வர மனசு வரல" என்றாள்.

அப்படிச் சிரித்தது அதற்கப்புறம் இல்லை. கோப்பை வாங்கியபோதுகூட இல்லை.

மே 3

தூக்கம் வரும் வழியாயில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

பலெர்மோ, 2003. இரட்டையர் அரையிறுதி. ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி எங்களுக்கு. எதிராளி அடித்த பந்து இலேனியா பக்கம் கோட்டருகே விழுந்தது. கோட்டு நடுவர் வெளியே என்று கத்திவிட்டார். எதிராளிகள் ஒத்துக்கொள்ளவில்லை. மண்ணில் பந்து தடம் விடும், அதைப் பார்த்துத்தான் தீர்ப்பு. தலைமை நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வருகிறார் — அதற்குள் இவள் ஷூவால் அந்தத் தடத்தைத் தேய்த்து அழித்துவிட்டாள். தடத்தை அழித்தால் புள்ளியை விட்டுக்கொடுத்ததாகத்தான் அர்த்தம். "உள்ளதான் விழுந்துச்சு" என்றாள், சாதாரணமாக.

நான் பார்த்தேன். வெளியே. என் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் புள்ளி போனது, அதோடு ஆட்டமும் போனது. அத்தனை பேர் முன்னால் கத்தினேன்: "உனக்கு ஜெயிக்கத் துப்பில்ல. நல்லவள்னு பேர் வாங்கணும், அவ்வளவுதான்!" அன்று மாலையே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். இனி தனியாகத்தான் ஆடுவேன் என்று சொல்லியும் அனுப்பினேன், அதுவும் வேறொருவர் வாய் வழியாக.

மே 7

இலேனியாவிடம் கேட்டுவிடுவது. அடுத்த வருடம் என்னோடு ஜோடியாக ஆடுகிறாயா — அவ்வளவுதான். இதில் என்ன வெட்கம்?

மே 11

கிளப் சமையலறையில் தம்பி லோரிஸ் கப்பெல்லெத்திக்கு, அதுதான் எங்கள் ஊர்க் குட்டிக் கொழுக்கட்டைப் பாஸ்தாவுக்கு, மாவு தேய்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வைக்கும் பாலாடைக் கட்டியில் ஜாதிக்காய் போட வேண்டாம் என்றேன்.

"ஜாதிக்காய் இல்லாம கப்பெல்லெத்தியா? அம்மா இருந்திருந்தா வெளக்கமாத்த எடுத்திருப்பாங்கக்கா."

"இலேனியாவுக்குப் புடிக்காதுடா."

மாவுக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான். "பதினாறு வருஷமா ஒரு போன் கிடையாது. அவ நாக்குக்கு என்ன புடிக்கும்னு மட்டும் ஞாபகம் இருக்கு?"

போடா வேலையைப் பார் என்றேன்.

மே 12, ஞாயிறு

வென்றோம். எழுதவே கை கூசுகிறது.

இலேனியா நரைத்திருக்கிறாள், சாயம் பூசவில்லை. இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள். இருந்தும் பின்கோட்டில் நின்றபடியே எங்களை ஓட ஓட விரட்டினாள். அவள் கை அப்படியே இருக்கிறது. கடைசி செட்டில் டெபோரா என் காதில், "அவளால முன்னால ஓடி வர முடியல. வலைக்குப் பக்கத்துல மெல்லப் போடு" என்றாள்.

போட்டேன். ஒன்றில்லை, மறுபடியும் மறுபடியும். கை தானாகப் போட்டது என்று எழுதினால் பொய். நான்தான் போட்டேன். வெற்றிப் புள்ளிக்கும் அதையேதான். இலேனியா ஓடக்கூட முயலவில்லை. பந்து இரண்டாம் முறை எழும்பி விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நல்லாப் போட்டடி மொரேனா" என்றாள். வலைக்கு மேல் சாய்ந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். எனக்குப் பதிலுக்குக் கொடுக்கத் தோன்றவில்லை.

மேசையில் எதிரே உட்கார்ந்தாள். ஒரு கரண்டி வாயில் வைத்ததும் நிமிர்ந்தாள். "ஜாதிக்கா இல்லையே?"

"இல்ல" என்றேன். அந்தச் சூட்டோடு கேட்டும் விட்டேன். "அடுத்த வருஷம் என்கூட டபுள்ஸ் ஆடுறியா?"

சிரித்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். "இடுப்பு போச்சுடி. மாத்தப் போறாங்க. இனிமே ராக்கெட்டத் தொடக் கூடாதாம். இன்னிக்குதான் கடைசி ஆட்டம். போன மாசமே பண்ணியிருக்கணும். இந்தத் தடவை லூகோலன்னு தெரிஞ்சதும் டாக்டர் கால்ல விழாத கொறையாத் தேதியத் தள்ளி வாங்கினேன்."

என்னோடு ஆடுவதற்காக வலியைப் பொறுத்துக்கொண்டு வந்தவள். அவளுக்கு நான் என்ன போட்டேன்? வலையோரம் மெல்ல.

"அப்புறம் இன்னொண்ணு" என்றாள். "பலெர்மோ பந்து. அது வெளியதான்டி. அன்னிக்கே டிவில திரும்பக் காட்டினாங்க. ரெண்டு விரல் வெளிய. எனக்கு உள்ளன்னுதான் தெரிஞ்சுது, சத்தியமா. சொல்லலாம்னு உன் ரூமுக்கு ஓடி வந்தேன். நீ போயிட்ட."

"போன் பண்ணியிருக்கலாமேடி."

"நீயும் பண்ணியிருக்கலாமே."

பக்கத்தில் டெபோரா யாருக்கோ திராட்சைமது ஊற்றிக்கொண்டிருந்தாள்.

'வெளியதான்' என்ற இந்த ஒரு வார்த்தைக்காக இத்தனை வருடம் காத்திருந்தேன். நான் சொன்னதுதான் சரி! சரி, இருக்கட்டும். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கே மாட்டிவைப்பது? இரண்டு பேரும் ஓட முடிந்த காலமெல்லாம் அதோடு போய்விட்டதே.

ஜூன் 20

அறுவை நல்லபடியாக முடிந்ததாம். அவளே போன் செய்தாள். ஆஸ்பத்திரி சூப்பைத் திட்டுவதில் பாதி நேரம் போயிற்று. ஜாதிக்காய் போட்டிருந்தார்களாம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இலேனியா ரயிலில் வந்தாள், கையில் ஊன்றுகோல். நடுவர் நாற்காலியில் ஏற முடியாது, சமையலறை நாற்காலி ஒன்றை லோரிஸ் கோட்டருகே கொண்டுவந்து போட்டான். வெயில் இதமாக இருந்தது. நான் தனியாக சர்வ் போட்டேன். எனக்கு முன்னால், வலையோரம், ஜோடியாக அவள் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அங்கே பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்து அங்கேயே பார்த்தேன்.

அவள் நாற்காலியிலிருந்து ஒவ்வொரு பந்துக்கும், "வெளியே!" என்று கத்தினாள். சில பந்து தரையைத் தொடும் முன்பே கத்தினாள். "ஏண்டி, உனக்குக் கண்ணா புண்ணா?" என்றேன். "நடுவரை எதிர்த்துப் பேசாத" என்றாள்.

ஒரு சர்வ் நன்றாக விழுந்தது, இந்த வருடத்தில் நான் போட்டதிலேயே நல்லது. "வெளியே!"

ராக்கெட்டைத் தோளில் வைத்துக்கொண்டு வலையைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். தடம் கோட்டின் மேலேயே இருந்தது, சந்தேகத்துக்கே இடமில்லாமல் உள்ளேதான்.

"என்னடி? என்ன சொல்லுது?" என்று கத்தினாள்.

ஷூவால் தேய்த்து அழித்தேன். "வெளியதான்" என்றேன்.

திரும்பி வந்து இரண்டாவது சர்வ் போட்டேன்.